ஆளுக்கொன்று

தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டீக்கடையின் மாடியில், படுத்துவிட்ட ஹார்ட் டிஸ்க்குகளை எழுப்பிக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். பெயர் ஜெசிந்தா. அவளுக்கு ஒரே ஒரு சீடர், பூவலிங்கம். சீடர் ஐம்பதைத் தாண்டியவர். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இந்த ஒரு விஷயத்தில்தான் பூவலிங்கத்துக்குக் குழப்பம் இல்லை.

ஒருநாள் காலை, கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவருக்காக ஜெசிந்தா ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பெட்டிக்குள் மூன்று டிஸ்க்குகளை மாட்டினாள். கீபோர்டில் கொஞ்சம் தட்டினாள். திரையில் ஒரே ஒரு டிஸ்க் தெரிந்தது, மூன்றையும் கூட்டினால் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக.

பூவலிங்கம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் பெட்டிக்குள் பார்த்தார்.

"டீச்சர், உள்ள மூணு இருக்கு."

"ஆமா."

"வெளிய ஒண்ணு இருக்கு."

"ஆமா."

"எது நிசம்?"

"ரெண்டும்."

"அப்படிச் சொன்னா எப்படி? மூணையும் ஒண்ணா ஆக்குனது யாரு?"

"டிரைவர். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள இருக்கிற ஒரு சின்ன புரோகிராம். மேல இருந்து கேக்கிறவங்ககிட்ட ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லும். கீழ மூணுகிட்டயும் துண்டு துண்டாப் பிரிச்சுக் கொடுக்கும். கேட்டா சேர்த்து வாங்கித் தரும்."

"அப்ப அந்த ஒண்ணு எங்க இருக்கு? அந்த டிரைவர்கிட்டயா?"

ஜெசிந்தா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க அண்ணாச்சி."

கீழே டீக்கடையில் சாகுல் பாய் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவர் காதருகே போய் ஓர் எண்ணைச் சொன்னாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் கோமதியின் காதில் இன்னோர் எண். திரும்பி வந்து பூவலிங்கத்தின் காதில் ஒன்று. மறுபடியும் சாகுல் பாய், கோமதி, பூவலிங்கம். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்ன டீச்சர், காதுல வந்து நம்பர் சொல்லிட்டுப் போறீக? லாட்டரியா?" என்றார் சாகுல் பாய்.

"மறந்துராதீங்க பாய்."

சொல்லி முடித்ததும் பூவலிங்கத்திடம் வந்தாள்.

"என்கிட்ட ஒரு போன் நம்பர் இருந்துச்சு. இப்ப அது யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மூணு எண் இருக்கு."

"அது போன் நம்பரா?"

"இல்ல. சாகுல் பாய்கிட்ட இருக்கிறதும் போன் நம்பர் இல்ல. கோமதிகிட்ட இருக்கிறதும் இல்ல." யோசித்தார். "உங்க மண்டைக்குள்ள இருக்கு."

"நான் மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க."

"அப்ப எங்கயும் இல்ல."

ஜெசிந்தா தன் போனை எடுத்தாள். சாகுல் பாயிடம் முதல் எண்ணைக் கேட்டு அழுத்தினாள். கோமதியிடம் அடுத்தது. பூவலிங்கத்திடம் அடுத்தது. மறுபடியும் சாகுல் பாய். கோமதி சிரித்தாள். "டீச்சருக்கு வெயில் தலைக்கு ஏறிட்டுது."

கடைசி எண்ணை அழுத்தியதும் பூவலிங்கத்தின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். "இது என் நம்பர்லா?"

"உங்களுதுதான்."

"என் நம்பரை என் காதுலயே சொல்லியிருக்கீங்க. எனக்குத் தெரியலியே."

"தெரியாது" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மாடி ஏறிப் போய்விட்டாள்.

அன்று மதியம் பூவலிங்கம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, சாம்பாருக்கு முன்னால் மோரை ஊற்றிவிட்டார். ஊற்றியது தெரியாமலே சாப்பிட்டும் முடித்தார்.

மறுநாள் மஞ்சள் பையில் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஜெசிந்தா கடைக்கு வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்காமல் தானே மாட்டினார். திரை கேட்டது: இந்த டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, புதிதாக அமைக்கலாமா? ஆம். இல்லை.

இந்தக் கேள்வி அவருக்குப் பழகிய கேள்வி. வீட்டில் மாட்டும்போதெல்லாம் இதையேதான் கேட்கும். அவர் பயந்து பிடுங்கி வைத்துவிடுவார். இன்று கடையில் இருக்கிற தைரியம் வந்தது. ஆம் என்றால்தான் உள்ளே விடுமோ என்னவோ என்று நினைத்தார். மௌஸை நகர்த்தினார்.

ஜெசிந்தாவின் கை அவர் கைமேல் விழுந்தது. அடித்த மாதிரிதான் விழுந்தது.

"யாருது அண்ணாச்சி?"

"என்னுது."

"மத்தது எங்க?"

"மத்ததுன்னா?"

அவள் டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியைத் திரையில் விரித்தாள். எழுத்தும் எண்ணுமாக வரிகள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது தன்னைப் பத்திச் சொல்லுது. மூணு பேர்ல நான் ரெண்டாவதுன்னு. முதலாவது எங்க? மூணாவது எங்க?"

பூவலிங்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எங்க அப்பா சுரண்டையில ஸ்டுடியோ வச்சிருந்தாரு. ஊர்க் கல்யாணம் பூரா அவரு எடுத்ததுதான். பழைய கேசட்டை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சாரு. அவர் போன பிறகு பாகம் பிரிச்சோம். கடை அண்ணனுக்கு. வயல் எனக்கு. நகை தங்கச்சிக்கு. கம்ப்யூட்டர் மிஞ்சுச்சு. ஊர்ப் பெரியவங்க வந்திருந்தாங்க, நியாயமான ஆளுங்க. பெட்டியைத் திறந்தாங்க. உள்ள மூணு இருந்துச்சு. நாங்களும் மூணு பேரு. ஆளுக்கொண்ணுன்னு கழட்டிக் கொடுத்துட்டாங்க."

ஜெசிந்தா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"வயலுக்குக்கூட வாய்ச்சண்டை வந்துச்சு டீச்சர். இதுக்கு வரலை. எவ்வளவு அழகா மூணா வச்சிட்டுப் போயிருக்காரு பாருன்னு எல்லாரும் சொன்னாங்க."

"பெட்டி?"

"பழைய இரும்புக்குப் போயிருச்சு."

"அப்புறம்?"

"வீட்ல மாட்டிப் பாத்தா என்னுது காலி. அண்ணன் நல்லதை வச்சுக்கிட்டுக் காலியை என்கிட்டத் தள்ளிட்டான்னு நான் சொன்னேன். என்னுதுதாம்ல காலின்னு அவன் சொன்னான். தங்கச்சி மாட்டியே பாக்கலை. ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைய ஏமாத்திட்டீங்கன்னுட்டா. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு."

"உங்களுக்கு இதுல என்ன வேணும்?"

அவர் மஞ்சள் பையை நாலாக மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"உலகம்மாள்னு என் பொஞ்சாதி. தவறிட்டா. உயிரோட இருந்தவரைக்கும் என் பேரைச் சொன்னதில்ல. 'ஏங்க'ம்பா. கோபம்னா சுவரைப் பாத்துச் சொல்லுவா. ஒரே ஒருதரம் சொல்லியிருக்கா. கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப என் தங்கச்சி வாசலை மறிச்சா, மாப்பிள்ளை பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவேன்னு. இவ சொல்லியிருக்கா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரே மேளச் சத்தம். யாரோ தோளைத் தொட்டு என்னமோ கேட்டாங்க, திரும்பிட்டேன்."

"கேசட்ல பாக்கலையா?"

"பாத்தோம். அந்த இடம் வந்தா ரிமோட்டைப் பிடுங்கி ஓட்டி விட்ருவா. ஒவ்வொரு தடவையும். அவளுக்கு அவ்வளவு வெட்கம். பிறகு கேசட் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அப்பா ஏத்தி வச்சதுதான் மிச்சம்." திரையைப் பார்த்தார். "என் பேரு அவ வாயில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது டீச்சர்."

டிஸ்க்கின் பக்கம் குனிந்து கேட்டார். "அந்த இடத்தை மட்டும் எடுக்க முடியுமா? என் பங்குல இருக்கிற மட்டும் போதும்."

ஜெசிந்தா தேடினாள். சாயங்காலம் வரை தேடினாள். பிறகு அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள். டை கட்டிய ஒரு பள்ளிக்கூடப் பையன். ஒற்றை மூக்குத்தி போட்ட ஒரு பெண். கண்ணை மூடிவிட்ட ஒரு மீசைக்காரர்.

"இவங்கல்லாம் யாரு?"

"பாஸ்போர்ட் போட்டோ. ரொம்பச் சின்னதா இருந்தா அது மட்டும் பிரியாம ஒரே இடத்துல கெடக்கும்."

"இதுதான் என் பங்கா?"

"முழுசா இருக்கிறது இதுதான்."

"என் கல்யாணம்?"

"இருக்கு. பாக்க முடியாது."

பூவலிங்கம் கண்ணை மூடிய மீசைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காலியைத் தள்ளிவிட்டது யாரு?"

"எதுவுமே காலி இல்ல அண்ணாச்சி."

"அப்ப நல்லதை எடுத்துக்கிட்டது யாரு?"

"முழுசா யார்கிட்டயும் இல்ல."

"அப்ப நான் இத்தனை வருசமா யார்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருந்தேன்?"

ஜெசிந்தா மேசையின்மேல் மூன்று கேபிள்களை எடுத்து வைத்தாள். நடுவில் இருந்ததில் அவருடைய டிஸ்க்கை மாட்டினாள். மற்ற இரண்டும் மேசை ஓரத்தில் தொங்கின. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கேபிள்கள் அப்படியே கிடந்தன. வேலை செய்யும்போது பூவலிங்கத்தின் முழங்கையில் இடித்தன. ஒருநாள் ஒன்று அவருடைய டீ கிளாசுக்குள் விழுந்தது.

"சுருட்டி உள்ள வைக்கட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும்."

"நீங்க ஒரு வார்த்தை போய்க் கேட்டா என்ன? எங்க அண்ணன் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மரியாதை கொடுப்பான்."

"எனக்கு அதுல பங்கு இல்லையே அண்ணாச்சி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாவூர்சத்திரத்துக்கு பஸ் ஏறினார். தங்கை பேச்சியம்மாள் வாசலில் நின்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

"என்ன, மிச்சம் இருக்கிறதையும் வாங்கிட்டுப் போக வந்தீகளா?"

"பேச்சி, உன்னுது காலி இல்ல."

"ரெண்டு அண்ணனுக்கும் காலி. எனக்கு மட்டும் பொங்கி வழியுதாக்கும்."

"அப்படி இல்ல. இப்பம் பாரு, ஒரு போன் நம்பர் இருக்கு. அதுல நாலு எண் சாகுல் பாய்கிட்ட இருக்கு."

"யாரு சாகுல் பாய்?"

"டீக்கடைக்காரரு. மூணு கோமதிகிட்ட."

"அது யாரு?"

"ஜெராக்ஸ் கடை. ஆனா நம்பர் என்னுது. எனக்கே தெரியலை."

"வெயில்ல நடந்தா வந்தீக?" என்றாள் பேச்சியம்மாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எனக்கும் சரியா விளங்கலை பேச்சி. மூணும் வேணுமாம். உன் மதினி பேசுனது அதுல இருக்கு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் டிஸ்க் இருந்தது. மேலே காய்ந்துபோன சந்தனப் பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

"அப்பா படத்துக்குக் கீழ வச்சிருந்தேன். ஆயுத பூஜைக்கு நம்ம ஸ்டுடியோ காமிராவுக்கு வைப்பாரே, அது மாதிரி." சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "பெரியண்ணன் நீங்க கூப்பிட்டா எடுக்க மாட்டாரு. நான் பேசுதேன்."

பேச்சியம்மாள் பேசியதும் அண்ணன் மந்திரமூர்த்தி ஜெசிந்தாவின் கடைக்கு வந்தார். பாலித்தீன் பையில் சுற்றிய தன் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, கடை பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். மறுமுனையில் பூவலிங்கம். நடுவில் பேச்சியம்மாளும் அவளுடைய கைப்பையும். மூவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

மந்திரமூர்த்தி ஜெசிந்தாவிடம் சொன்னார். "ஏம்மா, அவனுதை முதல்ல மாட்டச் சொல்லு. அப்புறம் நான் தாரேன்."

ஜெசிந்தா திரும்பினாள். "உங்களுதை முதல்ல மாட்டணுமாம் அண்ணாச்சி."

"மாட்டித்தான கெடக்கு. கண்ணு தெரியலையான்னு கேளுங்க."

"கண்ணு தெரியலையான்னு கேக்காங்க."

"தெரியுதுன்னு சொல்லு."

"தெரியுதாம்."

"டீச்சர், ரெண்டு பேருகிட்டயும் சொல்லுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு" என்றாள் பேச்சியம்மாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்" என்று ஜெசிந்தா இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

பேச்சியம்மாளின் டிஸ்க் ஏற்கெனவே ஒரு கேபிளில் இருந்தது. மந்திரமூர்த்தி பையைப் பிரித்துக் கொடுத்தார். ஜெசிந்தா அதை மாட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வீட்ல இதை மாட்டினப்ப ஏதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஒண்ணும் இல்ல, புதுசா அமைக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். காலியாத்தானம்மா இருந்துச்சு? பேரன் அதுல கொஞ்சம் படம் ஏத்தி வச்சிருக்கான்."

பூவலிங்கம் எழுந்துவிட்டார். "ஆமான்னானா? கேளுங்க டீச்சர். யாரைக் கேட்டு ஆமான்னான்?"

இதை ஜெசிந்தா கடத்தவில்லை.

"அன்னைக்கு உங்க கை எதுமேல இருந்துச்சு அண்ணாச்சி?"

அவர் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"மத்த ரெண்டும் ரெண்டாவது, மூணாவதுன்னு சொல்லுது. அதனால இது முதலாவது" என்றாள் ஜெசிந்தா. "பேரன் எழுதுன இடமெல்லாம் போச்சு. எழுதாத இடம் இருக்கும். மூணையும் முதல்ல நகல் எடுக்கணும். வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

மூன்று பேரும் தத்தம் டிஸ்க்கைப் பார்த்தார்கள். மற்ற இருவர் முதலில் படி இறங்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் சேர்ந்தே இறங்கினார்கள், படிக்கட்டில் இடம் இல்லாமல் இடித்துக்கொண்டு.

மறுநாள் ஜெசிந்தா நகல்கள் மூன்றையும் மாட்டி, எது முன்னால் எது பின்னால் என்று டிரைவருக்குச் சொன்னாள். திரையில் ஒரே ஒரு டிஸ்க் வந்தது. அதற்குள் அப்பா எழுதிவைத்த பெயர்கள். அவற்றில் ஒன்றை பூவலிங்கம் தொட்டுக் காட்டினார். தொட்ட விரலை எடுக்கவில்லை. ஜெசிந்தா அதை ஓட விட்டாள்.

மேளம். வாழைமரம். ஒல்லியாக ஒரு மாப்பிள்ளை, காதுவரை முடி.

"இவன் கிராப்பைப் பாரு" என்றார் மந்திரமூர்த்தி, யாரிடமும் இல்லாமல்.

கார் வந்து நின்றது. உலகம்மாள் இறங்கினாள். வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இளம் பேச்சியம்மாள். உலகம்மாள் குனிந்தாள். தலையை ஆட்டினாள். பேச்சி நகரவில்லை. உலகம்மாள் நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பச்சையும் ஊதாவும் சிதறின. கரகரவென்று ஒரு சத்தம். அடுத்து படம் வந்தபோது உலகம்மாள் வலது காலை உள்ளே வைத்தாகிவிட்டது. பேச்சி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா பின்னால் போய் மறுபடியும் ஓட விட்டாள். அதே இடத்தில் அதே கட்டங்கள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"அந்த இடத்துல பேரனோட படம் உட்காந்திருக்கு" என்றாள்.

மந்திரமூர்த்தி வாய் திறந்தார். "ஏம்மா, அவன்கிட்டச் சொல்லு..."

ஜெசிந்தா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரமூர்த்தி தம்பியைப் பார்த்தார். "ஏலே..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

பேச்சியம்மாள் சொன்னாள். "ஏன், மதினி சொன்னாளே. நான்தான கேட்டேன்."

பூவலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

"முதல்ல மாட்டேன்னுட்டா. நான் விடலை. பிறகு 'பூவ'ன்னு சொல்லி நிறுத்திட்டா. முழுசாச் சொல்லு மதினின்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிப்பை அடக்கிக்கிட்டே மிச்சத்தைச் சொன்னா." பேச்சியம்மாள் தலையைக் குனிந்தாள். பாதியில் நிறுத்தினாள். மூச்சு உடைகிற மாதிரி ஒரு சிரிப்பு. "பூவ... லிங்கம்."

"அப்படி இல்ல" என்றார் மந்திரமூர்த்தி. "கடைசியில ஒரு இழுவை இருந்துச்சு. நான்தான லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேல தூக்கி இழுத்தா. அவங்க ஊர்ல அப்படித்தான பேசுவாங்க."

"ஆமா, இழுத்தா" என்றாள் பேச்சியம்மாள். மறுபடியும் தலையைக் குனிந்து, நிறுத்தி, சிரித்து, கடைசியில் தூக்கி இழுத்துச் சொன்னாள்.

மந்திரமூர்த்தி தலையாட்டினார். "இதுதாம்ல."

பூவலிங்கம் தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனும் தங்கையும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அது டிஸ்க்ல இல்ல."

"இல்ல."

"சொன்னது பேச்சி. அது பேச்சியோட குரலு."

"ஆமா."

"இழுவை அண்ணன் சொன்னது."

"ஆமா."

"என்கிட்ட இருந்ததுல ஒண்ணுமே இல்ல."

பூவலிங்கம் திரையைப் பார்த்தார்.

"அப்ப இப்பம் நான் கேட்டது யாரு குரலு டீச்சர்?"

ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

"அவங்க பஸ் ஏறிரப் போறாங்க. போய் இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேளுங்க அண்ணாச்சி."